ஃபோர்க் குமிழ்களை வீட்டிலேயே பழுதுபார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மவுண்டன் பைக்கின் முன் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் உள்ள சரிசெய்யும் குமிழ்கள் கெட்டுப்போனால் எவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்பதை இந்தப் பக்கம் விளக்குகிறது. ராக்ஷாக்ஸின் மோஷன் கண்ட்ரோல் டாம்பர் (எண்ணெயைத் துளைகள் வழியே ஓடவிட்டு ஃபோர்க்கின் அசைவை அடக்கும் பகுதி) கொண்ட ரீகான், ரீபா போன்ற ஃபோர்க்குகளையும், எஸ்.ஆர். சன்டூரின் சுருள்வில் ஃபோர்க்குகளையும் முதன்மையாக மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டுள்ளன. இடம், வலம் என்று சொல்லும்போதெல்லாம் சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் இடம், வலம் என்றே கொள்ள வேண்டும்.

எந்தக் குமிழ் எந்த வேலையைச் செய்கிறது?

பெரும்பாலான ஃபோர்க்குகளில் இடது கால் ஸ்பிரிங்குக்கும் வலது கால் டாம்பருக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். இடது காலின் உச்சியில் காற்று வால்வோ, சுருள்வில் ஃபோர்க்காக இருந்தால் வில்லை முன்கூட்டியே சற்று அழுத்திவைக்கும் ப்ரீலோட் குமிழோ காணப்படும். வலது காலின் உச்சியில் உள்ள குமிழ், ராக்ஷாக்ஸில் பெரும்பாலும் நீல நிறத்தில் இருப்பது, கம்ப்ரஷனையோ (ஃபோர்க் அமுங்கும் வேகம்) லாக்அவுட்டையோ (ஃபோர்க் அமுங்காதபடி பூட்டுவது) கட்டுப்படுத்துகிறது. அதே காலின் அடியில் உள்ள சிவப்புக் குமிழ் ரீபவுண்டுக்கு உரியது. அதாவது, அமுங்கிய ஃபோர்க் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழ வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. பல ஃபோர்க்குகளில் அதன் அருகே ஆமை, முயல் படங்கள் அச்சிடப்பட்டிருக்கும்; ஆமைப் பக்கம் திருப்பினால் மெதுவாக எழும், முயல் பக்கம் திருப்பினால் வேகமாக எழும். கதையைப் போலல்லாமல் இங்கே இரண்டில் எதுவும் எப்போதும் ஜெயிப்பதில்லை.

பழுது குமிழில் இருக்கிறதா, ஃபோர்க்கின் உள்ளே இருக்கிறதா என்று எப்படிக் கண்டறிவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள். குமிழ் என்பது வெறும் கைப்பிடி. அது ஒரு தண்டைத் திருப்புகிறது. அந்தத் தண்டு டாம்பரின் உள்ளே ஓர் ஊசியையோ தகட்டையோ நகர்த்தி, எண்ணெய் போகும் துளையைத் திறக்கிறது அல்லது அடைக்கிறது. ஆகவே கெட்டது கைப்பிடியா, தண்டா, துளையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். கைப்பிடி கெட்டிருந்தால் அரை மணி நேர வேலை. துளைப் பக்கம் கெட்டிருந்தால் டாம்பரையே பிரிக்க வேண்டிய வேலை.

சோதனை எளிது. குமிழை நீக்கிவிட்டு, அது பற்றியிருந்த தண்டை ஆலன் சாவியாலோ சிறு ஸ்பானராலோ நேரடியாகத் திருப்பிப் பாருங்கள். தண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சீராகச் சுழன்று, ஃபோர்க்கின் நடத்தையும் அதற்கேற்ப மாறினால், கெட்டது குமிழ் மட்டுமே. தண்டு சுழன்றும் நடத்தை மாறவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. தண்டே சுழல மறுத்தால் துருவோ, வளைவோ, அழிந்த மரையோ காரணமாக இருக்கும்.

நடத்தை மாறுகிறதா என்று பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முழு எடையையும் ஹேண்டில்பார் மீது போட்டு அமுக்கி, சட்டென்று கையைத் தளர்த்த வேண்டும். ரீபவுண்டை முழுதாக மூடி ஒரு முறையும் முழுதாகத் திறந்து ஒரு முறையும் இவ்வாறு செய்தால், நல்ல நிலையில் உள்ள ஃபோர்க்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இரண்டு நிலையிலும் துள்ளி எழுந்தால் டாம்பரில் எண்ணெய் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் சோம்பி எழுந்தால் ஊசி மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம், அல்லது காய்ந்த சீல்கள் குழாயை இறுகப் பிடித்திருக்கலாம்.

என்னென்ன கருவிகள் தேவை?

1.5, 2, 2.5, 5 மி.மீ. ஆலன் சாவிகள், சர்க்லிப் இடுக்கி, ரப்பர் சுத்தியல், ஷாக் பம்ப், வால்வு பின்னைக் கழற்றும் கருவி, கிரீஸ், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சு இல்லாத துணி ஆகியவை போதும். காலின் மேல் மூடியைக் கழற்றும் வேலை என்றால் சாக்கெட்டும், முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சும் வேண்டும். ஆலன் சாவிகளில் மட்டும் மலிவானதை வாங்காதீர்கள். குமிழைத் தண்டோடு பிடித்துவைக்கும் கிரப் ஸ்க்ரூக்கள் மிகச் சிறியவை, முனை தேய்ந்த சாவி ஒரே திருப்பில் அவற்றின் தலையை அழித்துவிடும். ஒரு வெள்ளைத் தட்டு அல்லது காந்தம் பதித்த கிண்ணமும் பக்கத்தில் இருக்கட்டும். ஏன் என்பது பின்னால் புரியும்.

சவாரியின்போது ரீபவுண்ட் குமிழ் கழன்று விழுந்துவிட்டது. வண்டியை ஓட்டலாமா?

ஓட்டலாம். பழைய ராக்ஷாக்ஸ் ஃபோர்க்குகள் பலவற்றில் சிவப்புக் குமிழ் எந்தத் திருகாணியாலும் பிடித்துவைக்கப்பட்டிருக்காது. குமிழிலிருந்து நீளும் அறுகோணத் தண்டு, உள்ளே துளையுள்ள அடி போல்ட்டின் வழியே மேலே ஏறி உராய்வினால் மட்டுமே நின்றுகொண்டிருக்கும். கல்லில் இடித்தாலோ, காரில் ஏற்றும்போது உரசினாலோ கீழே விழுந்துவிடும். விழுந்தாலும் ரீபவுண்ட் இருந்த நிலையிலேயே இருக்கும், எண்ணெயும் கசியாது.

புதுக் குமிழ் வரும்வரை 2.5 மி.மீ. ஆலன் சாவியை அதே துளையில் செருகித் திருப்பலாம். என்னுடைய குமிழ் தொலைந்து ஏறத்தாழ ஓராண்டு இப்படியே ஓட்டினேன், சோம்பல்தான் காரணம். ஆனால் திறந்திருக்கும் துளைக்குள் சேறு ஏறி இறுகிவிடும் என்பதால், ஒரு துண்டு டேப்பாவது ஒட்டிவையுங்கள். புதுக் குமிழைச் செருகும்போது தண்டில் சிறிது கிரீஸ் தடவி, உள்ளே உள்ள அறுகோணக் குழியில் அமரும்வரை மெதுவாகச் சுழற்றியபடியே அழுத்த வேண்டும். பாதி வழியில் நின்றுவிட்டால் குமிழ் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். “ரீபவுண்ட் வேலை செய்யவில்லை” என்ற புகார்களில் ஒரு பங்கு இதுதான்.

புதிய ராக்ஷாக்ஸ் மாடல்கள் சிலவற்றிலும் ஃபாக்ஸ் ஃபோர்க்குகளிலும் இந்தக் குமிழ் சிறு திருகாணியால் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். அதைத் தளர்த்தாமல் குறடு கொண்டு இழுத்தால் குமிழ் உடையும்.

குமிழ் இறுகிவிட்டது, திருப்ப முடியவில்லை. குறடு போட்டுத் திருப்பலாமா?

கூடாது. முதலில் அது ஏற்கெனவே கடைசி நிலையில் நிற்கிறதா என்று எதிர்த்திசையில் திருப்பிப் பாருங்கள்; இறுகிவிட்டது என்று சொல்லப்படும் குமிழ்களில் சில உண்மையில் முழுதாக மூடப்பட்டவை மட்டுமே. முனையைத் தாண்டி வலுவாகத் திருப்பினால் ஊசியின் மரை அழியும், அல்லது ஊசி அதன் இருக்கையில் அமிழ்ந்து சிக்கிக்கொள்ளும்.

உண்மையிலேயே இறுகியிருந்தால் பெரும்பாலும் துரு அல்லது அலுமினிய உப்புதான் காரணம். எஃகுத் திருகாணியும் அலுமினிய உறையும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவு போலப் படியும். கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, குமிழைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெயில் சில சொட்டுகள் விட்டு, ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் அரை மில்லிமீட்டர் இப்படியும் அப்படியும் அசைத்து அசைத்தே விடுவிக்க வேண்டும். பிளாஸ்டிக் பாகங்களும் ரப்பர் வளையங்களும் அருகில் இருப்பதால் தீச்சூடு காட்டக் கூடாது. இந்த வேலைக்கு முன் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் காலிப்பரைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுவது அவசியம். பிரேக் பேடில் எண்ணெய் பட்டால் அந்த பேடை மாற்றுவதைத் தவிர நம்பகமான வழி கிடையாது.

குமிழ் சுழல்கிறது, ஆனால் ‘கிளிக்’ என்ற சத்தமும் தடையும் காணாமல் போய்விட்டன. ஏன்?

குமிழின் அடியில் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு பால்ரஸும், அதைத் தள்ளிக்கொண்டிருக்கும் சிறு ஸ்பிரிங்கும் இருக்கும். குமிழோ மூடியோ வட்டமாகப் பல சிறு பள்ளங்களைக் கொண்டிருக்கும். பால்ரஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் விழும்போது எழுவதுதான் அந்தக் கிளிக். சத்தம் நின்றுவிட்டது என்றால் ஸ்பிரிங் துருப்பிடித்து நொறுங்கியிருக்கும், அல்லது பழைய கிரீஸ் கெட்டியாகி பால்ரஸை அதன் துளைக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும், அல்லது முன்பு யாரோ கழற்றியபோது பால்ரஸ் ஓடிப்போயிருக்கும்.

இந்த மூன்றாவது வகையில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு. குளியலறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அங்கே உட்கார்ந்து குமிழைத் தூக்கினேன்; பால்ரஸ் துள்ளி, தரையில் இரண்டு முறை தட்டி, நேராகச் சாக்கடைத் துளைக்குள் போனது. அன்றிலிருந்து வெள்ளைத் தட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் எந்தக் குமிழையும் கழற்றுகிறேன்.

சரிசெய்யும் முறை: கிரப் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழை நேராக மேலே, மெதுவாகத் தூக்குங்கள். பால்ரஸ் எத்தனை, எந்தத் துளையில் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில மூடிகளில் ஒன்று இருக்கும், சிலவற்றில் எதிரெதிராக இரண்டு இருக்கும். எல்லாவற்றையும் ஆல்கஹாலால் துடைத்து, துளையில் புதுக் கிரீஸை நிரப்பி, ஸ்பிரிங்கையும் பால்ரஸையும் வையுங்கள். கிரீஸே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தொலைந்துபோன பால்ரஸுக்குப் பதிலாகப் பேரிங் கடையில் அதே விட்டமுள்ளது சில்லறை விலையில் கிடைக்கும். எஞ்சியிருக்கும் பால்ரஸையோ துளையையோ வெர்னியர் கொண்டு அளந்துகொண்டு போங்கள். ஸ்பிரிங்குக்கு, பழைய பால்பாயின்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. துளையின் விட்டத்துக்குப் பொருந்தினால் அதில் தவறில்லை, பொருந்தாவிட்டால் குமிழ் சாய்ந்து உட்காரும்.

கிளிக் இல்லாவிட்டாலும் டாம்பர் வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அதிர்வில் குமிழ் தானாகத் திரும்பிவிடும். காலையில் வைத்த அமைப்பு மாலையில் இருக்காது.

கிரப் ஸ்க்ரூவின் தலை தேய்ந்து ஆலன் சாவி வழுக்குகிறது. என்ன செய்வது?

குழியை ஊசியால் சுத்தம் செய்த பிறகு, சற்றே பெரிய, நட்சத்திர வடிவ டார்க்ஸ் முனையை மெதுவாகத் தட்டி இறக்கித் திருப்பிப் பார்க்கலாம். பெரும்பாலும் இது போதும். அதுவும் தோற்றால், குமிழைத் தியாகம் செய்வதுதான் மலிவான வழி. குமிழை ரம்பத்தால் பிளந்து எடுத்தால் திருகாணியின் உடல் வெளியே தெரியும். குறடால் பிடித்துக் கழற்றிவிடலாம். புதுத் திருகாணிக்கு நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். சிவப்பு வகையைப் போட்டால் அடுத்த முறை இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.

லாக்அவுட் போட்டாலும் ஃபோர்க் அமுங்குகிறது. பழுதுதானா?

எவ்வளவு அமுங்குகிறது என்பதைப் பொறுத்தது. லாக்அவுட் போட்ட பின்னும் சிறிதளவு அசைவது பல ஃபோர்க்குகளின் இயல்பே. மேலும், பெரிய அடி விழும்போது டாம்பர் உடையாமலிருக்க, குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் எண்ணெயை வழிவிடும் ஏற்பாடும் அவற்றில் உண்டு. முன்பு கெட்டியாக நின்ற ஃபோர்க் இப்போது பாதி தூரம் அமுங்குகிறது என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

மேலே சொன்ன சோதனையை இங்கே செய்யுங்கள். குமிழின் உட்பகுதி தேய்ந்து தண்டின் மேல் வழுக்குவது பிளாஸ்டிக் குமிழ்களில் மிகச் சாதாரணம். தண்டை நேரடியாகத் திருப்பும்போது ஃபோர்க் பூட்டிக்கொண்டால் புதுக் குமிழ் போதும். பூட்டவில்லை என்றால் மோஷன் கண்ட்ரோல் வகையில் முதல் சந்தேகம் எண்ணெய் மட்டத்தின் மீது விழ வேண்டும். அந்த டாம்பரில் வலது மேல் குழாய்க்குள் 5 எடை (5wt) என்ற மெல்லிய எண்ணெய் திறந்த குளம் போலத் தங்கியிருக்கும், மட்டம் குறைந்தால் காற்றுக் குமிழிகள் கலந்து லாக்அவுட் தளர்ந்துவிடும். அந்த எண்ணெய் எங்கே போயிற்று என்பதற்கும் ஓர் அடையாளம் உண்டு. கீழ்க் கால்களில் (மேல் குழாய்கள் சறுக்கி இறங்கும் வெளிக் கால்கள்) மசகுக்காக ஊற்றப்படுவது சில மில்லிலிட்டர்கள் மட்டுமே. வலது காலைத் திறக்கும்போது அதைவிடப் பலமடங்கு கொட்டினால், டாம்பரின் அடி சீல் கெட்டு எண்ணெய் கீழே இறங்கியிருக்கிறது. அப்படி இறங்கிய எண்ணெய் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஃபோர்க் முழு தூரமும் அமுங்காமல் போவதும் உண்டு.

சன்டூரின் மலிவான சுருள்வில் ஃபோர்க்குகளில் ஹைட்ராலிக் லாக்அவுட் தனி உருளையாக வருகிறது. அதைப் பிரித்துச் சரிசெய்ய முயல்வதைவிட உருளையையே மாற்றுவது அறிவுடைமை.

ஹேண்டில்பாரில் உள்ள லாக்அவுட் பொத்தான் சரியாகத் திரும்புவதில்லை. ஃபோர்க்கைத் திறக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை, கேபிளில் உள்ள உராய்வே காரணம். ஃபோர்க் முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைத் தளர்த்திவிட்டு, குமிழ் இருக்கும் இடத்தில் கேபிள் சுற்றியிருக்கும் உருளையைக் கையால் திருப்பி விடுங்கள். அது சொடுக்கென்று பழைய நிலைக்குத் திரும்பினால் ஃபோர்க்கில் குறையில்லை. கியர் உள்கேபிளையும் கியர் வெளியுறையையும் புதிதாகப் போடுங்கள். பிரேக் கேபிள் தடிமனானது, பொருந்தாது. உறையை வெட்டியபின் முனையைச் சமமாக அரம் போட்டு, வளைவுகள் கூர்மையாக இல்லாமல், ஹேண்டில்பார் இரு பக்கமும் முழுதாகத் திரும்பும்போது இழுபடாத நீளத்தில் அமைக்க வேண்டும். கேபிளை இறுக்கும்போது பொத்தான் விடுபட்ட நிலையில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு இரண்டாம் முறை செய்பவர்கள் அதிகம்.

உருளை தானாகத் திரும்பவில்லை என்றால் அதன் அடியில் உள்ள திருப்புச் சுருளை அழுக்கு பிடித்திருக்கும். சர்க்லிப்பை எடுத்து, சுத்தம் செய்து, சுருள் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று பார்த்து அதே துளையில் மாட்டுங்கள்.

ப்ரீலோட் குமிழ் சுழன்றுகொண்டே இருக்கிறது. புது ஃபோர்க் வாங்க வேண்டுமா?

வேண்டாம். இந்தக் குமிழ் ஒரு பிளாஸ்டிக் அடைப்பைக் கீழே தள்ளிச் சுருள்வில்லைச் சற்று முன்னதாகவே அழுத்திவைக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்கின் மரை அழிந்தால் குமிழ் முடிவின்றிச் சுழலும். குமிழ் சுழன்ற வரை எதிர்த்திசையில் தளர்த்தி, மூடியைக் கழற்றி, அந்த அடைப்பைத் தனியாகவோ மூடியோடு சேர்த்தோ மாற்றலாம். மூடி கடைசி மரையில் வரும்போது வில் அதைச் சற்று மேலே தள்ளும். முகத்தை மேலே நீட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

ப்ரீலோட் கூட்டினால் வில் கடினமாகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். வண்டியில் உட்காரும்போது ஃபோர்க் இறங்கும் அளவு குறையுமே தவிர, வில்லின் கடினம் அதேதான். எடைக்கு வில் பொருந்தவில்லை என்றால் வில்லைத்தான் மாற்ற வேண்டும். குமிழை முறுக்கி முறுக்கி மரையை அழிப்பது இந்த எண்ணத்தால்தான்.

காற்று ஃபோர்க்கில் அழுத்தம் நிற்பதில்லை. வால்வை நானே மாற்றலாமா?

மாற்றலாம், மோட்டார் சைக்கிள் டியூபில் இருக்கும் அதே வகை வால்வு பின்தான் இங்கும் இருக்கிறது. முதலில் வால்வின் மேல் சோப்பு நீர் வைத்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காற்றை முழுதாக விட்டுவிட்டுப் பின்னை மாற்றுங்கள். வராமல், ஃபோர்க் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டே போனால் உள்ளே உள்ள ஓ-ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. ஷாக் பம்பைக் கழற்றும்போது கேட்கும் ‘உஸ்’ சத்தம் பம்பின் குழாயில் இருந்த காற்று வெளியேறுவது. மீண்டும் மாட்டும்போது அழுத்தம் குறைவாகக் காட்டுவதும், ஃபோர்க்கின் காற்று அந்தக் காலிக் குழாயை நிரப்புவதால்தான்.

ரீபவுண்ட் குமிழின் அருகே எண்ணெய் கசிகிறது. குமிழை மாற்றினால் நிற்குமா?

நிற்காது, எண்ணெய் வருவது குமிழுக்கு மேலே உள்ள அடி போல்ட்டிலிருந்து. போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அதன் நசுங்கும் வாஷர் மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும். குமிழை இழுத்து எடுத்து, போல்ட்டை ஏறத்தாழ 7 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்கிப் பாருங்கள். அதன் பின்னும் கசிந்தால், காற்று ஃபோர்க்கில் காற்றை முழுதாக விட்டபின், புது வாஷர் போட வேண்டும். போல்ட்டை 3, 4 சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையை ரப்பர் சுத்தியலால் தட்டினால் உள் தண்டு கீழ்க் காலிலிருந்து விடுபடும். ஏறத்தாழ முழுதும் கழன்ற நிலையில் தட்டினால், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மரைகள் எல்லா அடியையும் வாங்கிக்கொண்டு நாசமாகும். வெளியேறிய மசகு எண்ணெயை உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவில் மீண்டும் ஊற்ற மறக்காதீர்கள்.

மேல் மூடியைக் கழற்றும்போது எதில் கவனம் தேவை?

காற்றில். அழுத்தம் இருக்கும்போது காற்றுப் பக்க மூடியைக் கழற்றினால் அது தோட்டா போலப் பாயும். காற்றை விட்டு, வால்வை மீண்டும் அழுத்தி உறுதிசெய்த பிறகே சாக்கெட்டை வையுங்கள். அடுத்த கவனம் சாக்கெட்டில். இந்த ராக்ஷாக்ஸ் மூடிகளுக்கு 24 மி.மீ., 32 மி.மீ. குழாய் கொண்ட ஃபாக்ஸ் ஃபோர்க்குகளுக்கு 26 மி.மீ. சாக்கெட் பொருந்தும், ஆனால் மூடியின் அறுகோணம் மிகத் தாழ்வானது, மென்மையான அலுமினியம். சாதாரணச் சாக்கெட்டின் வாயில் உள்ள சரிவு அந்தத் தாழ்வான விளிம்பைப் பற்றாமல் வழுக்கிவிடும் என்பதால், ஒரு லேத் கடையில் கொடுத்துச் சாக்கெட்டின் முகத்தைச் சமமாகச் சீவி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபோர்க்கின் நீளத்தையே மாற்றும் குமிழ் கெட்டுவிட்டது. அதையும் வீட்டில் பார்க்கலாமா?

ராக்ஷாக்ஸின் பழைய யூ-டர்ன் சுருள்வில் ஃபோர்க்கில் குமிழைச் சுத்தம் செய்வது வரை பார்க்கலாம். ஃபாக்ஸின் டாலஸ் போன்ற காற்று வகைகளில் பல அறைகளும் சீல்களும் இருப்பதால், அதற்குரிய கருவிகள் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றால் கழுவலாமா?

உலோகத் துண்டுகளைத் தனியே கழுவலாம். ரப்பர் இருக்கும் எதையும் அவற்றில் நனைக்காதீர்கள். ஓ-ரிங் உப்பிப்போய் அடுத்த முறை அதன் காடியில் உட்காரவே உட்காராது. துரு நீக்கும் எண்ணெயை மேல் குழாயில் பளபளப்புக்காகத் தெளிக்கும் பழக்கமும் வேண்டாம், அது தூசி சீலின் கிரீஸைக் கரைத்துவிடும். உயர் அழுத்த நீரைக் குமிழ்களின் மேல் நேராகப் பாய்ச்சுவதுதான் முதலில் சொன்ன துருவுக்கு வழிகாட்டி.

வேலை முடிந்தபின் பழைய அமைப்பை எப்படித் திரும்பப் பெறுவது?

கழற்றுவதற்கு முன்பே எண்ணி எழுதிவைத்திருந்தால்தான் முடியும். குமிழை வலஞ்சுழியாக, மெதுவாக, நிற்கும்வரை திருப்புங்கள். எத்தனை கிளிக்குகள் ஆயின என்பதே உங்கள் அமைப்பு. வேலை முடிந்ததும் மீண்டும் முழுதாக மூடிவிட்டு, அதே எண்ணிக்கையை இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். காற்றை நிரப்பும்போது நடுநடுவே நிறுத்தி ஃபோர்க்கைப் பலமுறை அமுக்குங்கள், அப்போதுதான் எதிர்க்காற்று அறையும் (முக்கியக் காற்றறைக்கு எதிர்த்திசையில் அழுத்தும் சிறு அறை) சமமாக நிரம்பும். குமிழில் கிரப் ஸ்க்ரூவை இறுக்கும்முன், குமிழுக்கும் மூடிக்கும் இடையே ஒரு மெல்லிய காகிதம் நுழையும் இடைவெளி இருக்கட்டும். உரசும் குமிழ் கிளிக்கை மறைத்துவிடும். முதல் சவாரிக்குப் பிறகு அந்தத் திருகாணியை இன்னொரு முறை தொட்டுப் பாருங்கள், சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் நல்லது.